நாலாவது மருந்து

முப்பத்திரண்டு வருசம் பஸ் கொண்டக்டராய் நிண்டவன் நான். யாழ்ப்பாணத்திலையிருந்து பருத்தித்துறை, பருத்தித்துறையிலையிருந்து யாழ்ப்பாணம், அதுதான் என்ரை சீவியம். "உள்ளுக்குப் போங்கோ, உள்ளை கடல் மாதிரி இடம் கிடக்கு" எண்டு நான் கத்தினால் மிதிபலகையிலை தொங்கிறவனும் நம்பி உள்ளுக்குப் போவான். புத்தூர்ச் சந்தியிலை கத்தரிக்காய்ச் சாக்கோடை ஏறுற ஆக்களோடை நான் பிடிக்காத சண்டை இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டு சொல்லுவினம். நான் வாயாலைதான் பிழைச்சனான். அப்பிடிப்பட்ட வாய், என்ரை மனிசியிட்டை "வா" எண்ட ஒரு சொல்லைச் சொல்லாமல் ரெண்டு வருசம் மூடிக்கொண்டு கிடந்தது.

மனிசி கனடாவுக்குப் போனது மகளின்ரை பிள்ளைப்பேறு பார்க்க. ஆறு மாதம் எண்டுதான் போனவ. ஆறாம் மாதம் போனிலை கேட்டா: "மகள் வேலைக்குத் திரும்பப்போறாள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. இன்னும் கொஞ்சம் நிக்கட்டோ? உங்களுக்குக் கரைச்சல் இல்லையோ?" எனக்கென்ன கரைச்சல்? நான் ஆம்பிளையெல்லோ! "நான் சுகம். நீ ஆறுதலா நிண்டு வா" எண்டன். சொல்லி வாய் மூட முதலே பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு தெரிஞ்சுது. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிற பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கோதாரி பிடிச்ச குணம்.

எங்கடை ஆக்களிட்டை ஒரு வழக்கம் இருக்கு. வெளிநாட்டிலை இருக்கிறதுகளுக்கு நோய் துன்பம் சொல்லுறேல்லை. அதுகள் அங்கை குளிருக்கை நிண்டு மாரடிக்குதுகள், நாங்கள் ஏன் இஞ்சையிருந்து தலையிடி குடுப்பான் எண்டு ஒரு நியாயம். செத்தவீட்டையே எட்டாம் நாள் எட்டுச்சிலவு முடிஞ்சாப்பிறகு சொன்ன குடும்பங்கள் எனக்குத் தெரியும். அங்கையிருந்து "சுகமோ?" எண்டு கேட்டால் இஞ்சையிருந்து "சுகம்" எண்டுதான் போகும். கால் முறிஞ்சு கட்டிலிலை கிடக்கிறவனும் "சுகம்" எண்டுதான் சொல்லுவான். நான் மட்டும் என்ன விதிவிலக்கோ?

ஒவ்வொரு நாளும் விடிய ஆறரைக்கு அவ எடுப்பா. எனக்கு விடியல், அவவுக்கு முதல்நாள் ராத்திரி ஒன்பது. நான் ஆறு மணிக்கே எழும்பித் தாடி வழிச்சு, சேட்டுப் போட்டு, குசினி மேசையிலை மாப் போட்டு வைக்கிற பேணியோடை போனைச் சாத்தி வைச்சுப்போட்டுக் காத்துக்கொண்டிருப்பன். பின்னாலை கலண்டர் தொங்கிற சுவர் மட்டும் தெரியிற மாதிரி. மற்றப் பக்கம் திருப்பினால் கழுவாத சட்டி தெரியுமெல்லோ.

"சாப்பிட்டியளோ?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"புட்டும் சம்பலும்."

என்ன புட்டு, என்ன சம்பல்? பாண் துண்டும் சீனியும். அதுவும் நிண்டநிலையிலை. ஒருத்தனுக்குப் புட்டு அவிக்க ஆருக்கு மனம் வரும்? மத்தியானம் ஒரு சட்டிச் சோறு போட்டால் அது மூண்டு நேரத்துக்கு. சாப்பாட்டுக் கோப்பையிலை போடுறதும் இல்லை. சட்டிக்குள்ளையே குழம்பை விட்டுக் கிளறி, அடுப்புக்குப் பக்கத்திலை நிண்டு விழுங்கிப்போட்டுக் கையைக் கழுவிறது. மாட்டுக்குக்கூடத் தொட்டியிலை அள்ளி வைச்சுத்தான் குடுக்கிறனாங்கள்.

எல்லாத்துக்கும் மேலாலை எனக்குப் பெரிய இடைஞ்சல் தேத்தண்ணி. அவ தனக்கெண்டு ஒருநாளும் தேத்தண்ணி ஊத்தினதில்லை. "எனக்கு வேண்டாம்" எண்டுவா. பிறகு என்ரை கோப்பையை எடுத்துப் பாதியைக் குடிச்சிட்டு மிச்சத்தைத் தருவா. நாப்பது வருசம் இதாலை சண்டை. "உனக்கு வேணுமெண்டால் உனக்கு ஊத்தன்!" எண்டு நான் கத்தாத நாளில்லை. அவ போனாப்பிறகு முழுக்கோப்பையும் எனக்குத்தான். சத்தியமாச் சொல்லுறன், பாதிக்கு மேலை இறங்காது. மிச்சத்தை மேசையிலை வைச்சிட்டுப் போடுவன். திரும்பி வந்து பார்க்க எறும்பு மொய்ச்சபடி கிடக்கும். அதை ஊத்திக் கழுவேக்கை சிலநாள் அழுகை வந்திடும். ஆரும் பார்க்கேல்லை எண்டபடியால் சொல்லுறன், அழுதிருக்கிறன்.

தைப்பொங்கல் நேரம் செருப்பு வெட்டி வலக்கால் பெருவிரலிலை ஒரு காயம் வந்தது. சின்னக் காயம். ஆனால் மாறேல்லை. மாசி முடிய அது புண்ணாப் போச்சுது. எனக்குச் சீனி வருத்தம் பத்து வருசமா இருக்கு. மாதா மாதம் கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுக்கிறனான். அதிலையும் நான் கெட்டிக்காரன். கிளினிக்குக்கு மூண்டு நாளைக்கு முன்னாலையிருந்து நல்ல பிள்ளையா இருப்பன். பாவற்காய் என்ன, குரக்கன் புட்டு என்ன! நாலாம் நாள் விடிய வெறும் வயித்தோடை போய்க் கையை நீட்டினால் சீனி வடிவா இறங்கி நிக்கும். "நல்லாக் கிடக்கு ஐயா" எண்டுவினம். வெளியிலை வந்து வடையும் தேத்தண்ணியும். எங்கடை கிளினிக் வரிசையிலை இருக்கிற அரைவாசிப்பேருக்கு இந்த வித்தை தெரியும்.

அந்த முறை புது டொக்டர் ஒருத்தி வந்திருந்தா. மலையகத்துப் பிள்ளை, என்ரை மகளிலும் இளசு. எங்கடை பக்கம் வந்து ஒரு மாதமும் ஆகேல்லையாம். அவ என்ரை வெறும் வயித்துச் சீனியைப் பார்த்தா, காலைப் பார்த்தா, திரும்பவும் என்ரை கிளினிக் கொப்பியைப் பார்த்தா. "இது பொருந்தலியேங்க அப்பா" எண்டா. பிறகு வேறை ஒரு ரத்தச் சோதனைக்கு எழுதினா. கடைசி மூண்டு மாதமும் சீனி எப்பிடி இருந்தது எண்டு காட்டிக்குடுக்கிற சோதனையாம். அடி சக்கை! அந்தச் சோதனைக்கு என்ரை மூண்டு நாள் பாவற்காய் எந்த மூலைக்கு?

அடுத்த கிழமை முடிவோடை போனன். கள்ள மாடு பிடிபட்ட மாதிரித்தான் கதிரையிலை இருந்தன். அவ ஏசுவா எண்டு பார்த்தால், ஏசேல்லை. கதவடியிலை இருந்த சனத்தைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிப்போட்டு, "அப்பா, உங்களுக்கு ஏதும் வருத்தம் இருக்குதுங்களா?" எண்டு கேட்டா.

நான் விரலை மடிச்சன். "சீனி, பிரசர், கொலஸ்ட்ரோல். இந்தக் கால் புண். மாரியிலை முழங்காலும் உளையும்."

"அது கொப்பியில இருக்குதுங்களே. நான் கேட்டது வருத்தம்."

"அதைத்தானே பிள்ளை சொல்லுறன்!"

பக்கத்திலை நிண்ட நேர்ஸ் சிரிச்சுப்போட்டா. "டொக்டர், இஞ்சை வருத்தம் எண்டால் நோய். நீங்கள் கேக்கிறதைக் கவலை எண்டெல்லோ கேக்கவேணும்."

டொக்டருக்கும் சிரிப்பு வந்திட்டுது. "அப்படிங்களா? எங்க பக்கம் வருத்தம்னா மனசுல உள்ளதுதான். ஒரே சொல்லைப் பாதி நீங்க வச்சிருக்கீங்க, பாதி நாங்க வச்சிருக்கோம் போல. சரிங்கப்பா, ரெண்டு பாதியையும் சேத்தே கேக்கிறேன். என்ன வருத்தம்?"

"ஒண்டுமில்லை. நான் சுகம்."

"யாரோட சாப்பிடுறீங்க?"

எனக்குச் சுள்ளெண்டு கோவம் வந்தது. என்ன கண்டறியாத கேள்வி! சீனிக்கு வந்தவனிட்டைக் கேக்கிற கேள்வியோ இது? "சாப்பாட்டுக்கு வாய் காணும் பிள்ளை, ஆள் எதுக்கு?" எண்டன்.

அவ கோவிக்கேல்லை. "உக்காந்து சாப்பிடுறீங்களா?" எண்டு கேட்டா.

சன நெரிசலுக்கை ஒரு பஸ்ஸையே வாயாலை அடக்கினவன், அந்தப் பிள்ளைக்கு முன்னாலை நாக்கு ஒட்டிப்போய் இருந்தன். பிறகு மெல்ல மெல்ல எல்லாத்தையும் கொட்டிப்போட்டன். மனிசி கனடாவிலை நிக்கிறது, பாணும் சீனியும், சட்டிச் சோறு, நித்திரை வராமல் கிடக்கிறது, பாதித் தேத்தண்ணி, எல்லாம். அவ ஒரு சொல்லும் இடையிலை விடாமல் கேட்டா. கடைசியிலை சொன்னா: "புண்ணு கால்லதான் இருக்குதுங்க. ஆனா அதை வளக்கிறது உங்க அடுப்படி. குளிசையை நான் கூட்டித் தாறேன், மருந்து ஒழுங்காக் கட்டணும், வெறுங்கால்ல நடக்கவே கூடாது. இதெல்லாம் காலுக்கு. காலுக்கு மேல இருக்கிற ஆளையும் பாக்கணும் இல்லீங்களா? இப்படியே விட்டா விரல் போயிரும் அப்பா. அம்மாகிட்ட காட்டினீங்களா?"

"ஏன் அவவுக்கு? வீணாப் பயப்பிடுவா."

அவ பெருமூச்சு விட்டுக்கொண்டு கொப்பியிலை எழுதினா. மூண்டு குளிசையின்ரை பேர் இங்கிலீசிலை. அதுக்குக் கீழை நாலாவதாத் தமிழிலை: "தனியாகச் சாப்பிடக் கூடாது. நாளுக்கு ஒரு வேளையாவது."

மருந்து குடுக்கிற யன்னலிலை இருந்தவர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேக்கக் கூடியதாச் சொன்னார்: "ஐயா, மூண்டும் தரலாம். நாலாவது எங்களிட்டை ஸ்டொக் இல்லை."

வரிசை முழுக்கச் சிரிச்சுது. எனக்கு வெக்கத்திலை காது சுட்டது. எனக்குப் பின்னாலை நிண்ட மனிசன் மட்டும் சிரிக்காமல் கொப்பியை எட்டிப் பார்த்தார். கொழும்புத்துறையிலை முந்திக் கடல்தொழில் செய்தவர், இப்ப கடலுக்குப் போறேல்லை, பிரசருக்கு வாறவர். என்னிலும் ரெண்டு மூண்டு வயது மூப்பு. "நாளைக்கு மத்தியானம் என்னட்டை வா" எண்டு வீட்டுக்கு வழியும் சொன்னார். "எனக்கும் உதே மருந்துதான் தேவை. அந்தப் பிள்ளை இன்னும் கண்டுபிடிக்கேல்லை."

போகக்கூடாது எண்டுதான் இருந்தன். முன்பின் தெரியாத வீட்டிலை போய்ச் சாப்பிடுறதோ? ஆனால் அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்குச் சைக்கிள் தானாக் கொழும்புத்துறைப் பக்கம் திரும்பிச்சுது. அந்த அண்ணை ரெண்டு கதிரையும் ரெண்டு சோத்துக் கோப்பையும் வைச்சுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார். சுவரிலை மாதா படம், அதுக்குப் பக்கத்திலை அவரின்ரை மனிசியின்ரை படம், மாலையோடை. அவ போய் அஞ்சு வருசமாம். அவர் தானே சமைச்ச மீன்குழம்பைப் பரிமாறி, நான் ஒரு வாய் வைக்கிற வரைக்கும் என்ரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உப்புக் காணுமோ?" எண்டார். ஒருத்தர் என்னைப் பார்த்து அப்பிடிக் கேட்டு எத்தினை காலம்! அந்தக் கேள்விக்காகவே இன்னும் ஒரு பிடி கூடச் சாப்பிடலாம்போலை கிடந்தது, ஆனால் டொக்டர் சொன்ன அளவுக்கு மேலை அவர் சோறு போடேல்லை.

பிறகு அது வழமையாப் போச்சுது. வெள்ளிக்கிழமை எனக்கு மீன், மச்சம் இல்லை, அதாலை அண்டைக்கு அவர் அரியாலைக்கு, என்ரை வீட்டை வருவார். என்ரை முருங்கையிலை வறையைக் கண்டால், "உதை ஆட்டுக்குக் குடுத்திருக்கலாமே" எண்டு புறுபுறுத்தபடிதான் சாப்பிடுவார். ஆள் வருது எண்டால் குசினியைக் கூட்டவேணும், சட்டி கழுவவேணும், மரக்கறிக்குச் சந்தைக்கு நடக்கவேணும். நடந்தால் பசிக்கும், பசிச்சுச் சாப்பிட்டால் நித்திரை வரும். இவ்வளவு லேசான கணக்கு எனக்கு ஏன் விளங்காமல் கிடந்தது எண்டு நினைக்க எனக்கே பத்தியெரியும். சித்திரை மாதச் சோதனையிலை சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது. புண் கரை காயத் துவங்கீட்டுது. டொக்டர் கொப்பியிலை நாலாவது மருந்துக்குப் பக்கத்திலை ஒரு சரி போட்டா.

ஆனால் விடிய ஆறரைக்கு நான் அதே சேட்டைப் போட்டுக்கொண்டு, அதே சுவருக்கு முன்னாலை, அதே "சுகம்" சொல்லிக்கொண்டுதான் இருந்தன். அவவும் "சுகம்" எண்டுவா. பேரப்பிள்ளை ஓடித் திரியுது, கடைவாய்ப்பல்லு முளைக்குது, அம்மம்மா எண்டு வடிவாச் சொல்லுது. பிறகு ரெண்டு பேரும் கதைக்க ஒண்டுமில்லாமல் ஆளையாள் பார்த்துக்கொண்டிருப்பம். அவவின்ரை முகம் மெலிஞ்சு கொண்டு போனது எனக்குத் தெரிஞ்சுது. போனிலை அப்பிடித்தான் தெரியும் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். போனை வைச்சாப்பிறகு வீட்டிலை ஒரு சத்தமும் இராது. அவ பாத்திரத்தை டமார் எண்டு வைக்கிற சத்தத்துக்கு எவ்வளவு நாள் ஏசியிருப்பன்! அந்தச் சத்தத்துக்காக என்ரை காது ஏங்கிச்சுது.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடிஞ்சு அண்ணை கேட்டார்: "மனிசி எப்ப வாறா?"

"தெரியாது."

"நீ கேட்டனியோ?"

"வரவேணுமெண்டால் அவவே வருவாதானே. நான் என்னத்துக்குக் கெஞ்சிறது?"

அந்த மனிசனுக்கு வந்த கோவத்தை நான் அதுக்கு முதல் கண்டதில்லை. கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பினார். "டேய், என்ரை மனிசியைக் கூப்பிட எனக்கு வழியில்லை. சேமக்காலைக் கல்லறையடியிலை போய் நிண்டு கத்தினாலும் அவளுக்குக் கேளாது. உன்ரை மனிசி உயிரோடை இருக்கிறா. போன் கையிலை கிடக்கு. வாய் கிடக்கு. நீ ரோசம் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்! நீயெல்லாம் ஒரு கொண்டக்டரோடா?" எண்டிட்டுக் கையும் அலம்பாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டார். கறி எடுத்த அகப்பை மேசையிலை கிடந்தது. அதைக் கழுவக்கூட எனக்குக் கை ஓடேல்லை.

அடுத்த நாள் விடிய நான் தாடி வழிக்கேல்லை. சேட்டும் போடேல்லை. போனைத் திருப்பிக் குசினியைப் பார்த்தபடி வைச்சன். ஆறரைக்கு அவவின்ரை முகம் வந்தது.

"சுகமோப்பா? என்ன, தாடி வழிக்காமல் இருக்கிறியள்?"

வழமைக்கு நாக்கு "சு" எண்டு துவங்கிச்சுது. நிப்பாட்டினன். "இல்லையப்பா" எண்டன். கதிரையைத் தள்ளிப்போட்டுக் காலைத் தூக்கி மேசையிலை வைச்சு, கட்டியிருந்த துணியை அவிட்டுக் கமராவுக்கு நேரை பிடிச்சன்.

அவ போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டந்தா. பிறகு, "ஐயோ என்ரை கடவுளே, எத்தினை நாளா?" எண்டா.

"பொங்கலுக்கு வந்தது."

"பொங்கலுக்கோ? இப்ப வைகாசியெல்லே! ஒவ்வொரு நாளும் என்னோடை கதைச்சனீங்கள். ஒவ்வொரு நாளும்!" அவ அழத் துவங்கினா. ஏசிக்கொண்டே அழுதா. அந்த ஏச்சு எனக்கு எவ்வளவு சுகமா இருந்தது எண்டு சொன்னால் நம்பமாட்டியள்.

"இஞ்சரப்பா, அழாதை. கால் மாறுது. நல்ல பிள்ளையொண்டு பார்க்கிறா, இன்னும் ரெண்டு மாதத்திலை காய்ஞ்சிடும் எண்டவ. நான் கால் காட்டினது அதுக்கில்லை." இந்த முறை வாயை மூட நான் விடேல்லை. "எனக்கு நீ இல்லாமல் ஏலாதப்பா. நான் இஞ்சை சுகமா இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. வா. வந்திடு."

அவ கண்ணைத் துடைச்சா. அவ என்னை அப்பிடிக் கண் எடுக்காமல் பார்த்தது கலியாணம் கட்டின புதிசிலை ஒருக்காத்தான்.

"போன வருசமே பிளேன் ரிக்கற் போடட்டோ அம்மா எண்டு மகள் கேட்டவள்" எண்டா. "நான்தான் வேண்டாமெண்டனான். அப்பா நான் இல்லாமலே நல்லா இருக்கிறார், சமைக்கிறார், சாப்பிடுறார், நான் போய் என்ன செய்யிறது எண்டு. நீங்கள் ஒருநாளாவது எப்ப வாறாய் எண்டு கேக்கேல்லை. இனி நான் அந்த வீட்டுக்குத் தேவையில்லையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு, இஞ்சை இவையள் எல்லாரும் வேலைக்குப் போனாப்பிறகு..." முடிக்கேல்லை. சட்டெண்டு எழும்பினா. போன் ஆடிச்சுது, முகட்டைக் காட்டிச்சுது, நிலத்தைக் காட்டிச்சுது.

"எங்கையப்பா போறாய்?" எண்டு கத்தினன்.

அவ குனியிற சத்தம் கேட்டது. பிறகு போனிலை கட்டிலின்ரை கால் தெரிஞ்சுது. அதுக்குக் கீழை நான் கட்டுநாயக்கா எயாப்போட்டிலை தூக்கி விட்ட பெட்டி. பிடியிலை விமானக்காரர் கட்டின தாள்கூட அப்பிடியே கிடந்தது. அவ மூடியைத் திறந்தா. சீலையள் எல்லாம் மடிச்சு அடுக்கினபடி இருந்தது.

"பாருங்கோ" எண்டா. "தோய்க்கிறனான், காயப்போடுறனான், திரும்ப இதுக்குள்ளைதான் வைக்கிறனான். இந்த வீட்டு அலுமாரியிலை நான் ஒரு சீலையும் இன்னும் அடுக்கேல்லை."